ஐந்து தட்டு, நான்கு நாற்காலி

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் நீங்களும் நானும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். உங்கள் தம்பி ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடிவிடுகிறார். நேற்று தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அக்காவும் நீயும் இனிமே போன்ல பேசவே கூடாது. சண்டை போடணும்னா எழுதிப் போடுங்க. எழுதினாலாவது ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயை மூடிட்டு இருக்கணும்ல?" கட்டிய மனைவிக்கும் கூடப்பிறந்த அக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதருக்குத் தெரிந்த வழி அதுதான் போலிருக்கிறது.

முதல் விஷயம், அலமாரிச் சாவி. நீங்கள் கோபித்துக்கொண்டு உங்கள் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறியபோது அதையும் கொண்டுபோய்விட்டீர்கள். பிள்ளைகளின் படங்கள் எல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்கின்றன. நேற்று புதன்கிழமை. வந்தவர்கள் ஒவ்வொருவராக என் முன்னால் நின்று "எங்க படம் எங்கே?" என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல? டீச்சர் கோபத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றா?

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். குல்லா வரவில்லை. நீங்கள் அந்த நாற்காலியை வரைந்த பிறகு இது இரண்டாவது புதன்.

உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் எரிச்சல் அடங்கும். இளம்பிள்ளைகளுக்கு ஓவிய சிகிச்சை தொடங்க வேண்டும் என்று நான் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரின் அறை வாசலில் எத்தனை மாதம் நின்றேன்! கடைசியில் பழைய எக்ஸ்ரே பிலிம்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் கொடுத்தார். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் ஜெனரேட்டர். நீங்கள்தான் வந்து சுவருக்கு வெள்ளை அடித்தீர்கள். கேன்டீனில் சண்டை போட்டு நீள மேஜை வாங்கி வந்தீர்கள். தொட்டிக்குக் குழாய் வைக்காமல் நகர விட மாட்டேன் என்று பிளம்பரை வாசலில் மறித்து நின்றீர்கள். எதையும் நான் மறுக்கவில்லை. கதவில் ஒட்டிய விதிகளை எழுதியதும் நீங்கள்தான், அந்த அழகான எழுத்தில், நிழல் எல்லாம் கொடுத்து: "இங்கே யார் படத்தையும் யாரும் திருத்த மாட்டார்கள். படம் வரைந்தவருக்கே சொந்தம். வரைந்தவர் பேசினால்தான் படத்தைப் பற்றிப் பேச்சு. உள்ளே அவரவருக்குப் பிடித்த பெயர்."

எழுதியதும் நீங்கள். திருத்தியதும் நீங்கள்!

பதினாறு வயதுப் பெண். புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவோடு வந்து, 'குல்லா' என்றே கூப்பிடச் சொன்னவள். வாரக்கணக்கில் சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களின் பென்சில்களைச் சீவிக் கொடுத்தாளே தவிர ஒரு கோடு போட்டதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தாளை எடுத்தாள். ஒரு சாப்பாட்டு மேஜை, ஐந்து தட்டு, நான்கு நாற்காலி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பின்னாலிருந்து வந்து, "அடடே, ஒரு நாற்காலியை விட்டுட்டியேம்மா" என்று அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஐந்தாவதை வரைந்தே விட்டீர்கள். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். குல்லாவை மூக்கு வரை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சாவியை அனுப்புங்கள். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 10

என் தம்பி பெண்டாட்டிக்கு,

உன் கடிதம் முதலில் மாப்பிள்ளை கையில்தான் கிடைத்தது. "என்ன அத்தை, கோர்ட்லேர்ந்து நோட்டீஸா?" என்று கேட்டார். உறைமேல் விலாசத்தை நீ எழுதியிருந்த அழுத்தம் அப்படி.

சாவி என்னிடம் இல்லை. பிரஷ் வைக்கிற குவளையில் பார். எதைக் காணவில்லை என்றாலும் அக்கா தலையில் போடுவது உன் வீட்டுக்காரனிடம் நீ கற்றுக்கொண்ட வித்தை.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள் நான். கோணலாகத் தொங்குகிற காலண்டரைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். ஐந்து தட்டு வைத்த பெண் நான்கு நாற்காலி போட்டால், விட்டுப்போச்சு என்றுதான் யாருக்கும் தோன்றும். இதிலே என்ன பெரிய குற்றம் கண்டுபிடித்துவிட்டாய்? அடித்தேனா, திட்டினேனா? நாலு வினாடியில் ஒரு நாற்காலி. நிழல்கூடப் போடவில்லை.

அதற்கு நீ என்ன செய்தாய்? பிள்ளைகள் எல்லாம் பார்க்க, "அக்கா, தயவுசெஞ்சு கொஞ்சம் வெளிய இருங்க" என்றாய். என்னை! அந்த மேஜையை யார் இழுத்து வந்தது? நல்லாயிருக்கு என்று சொல்லக் கூடாது, நல்லாயில்லை என்று சொல்லக் கூடாது, பென்சிலைத் தொடக் கூடாது என்றால் நான் எதற்கு அங்கே? பெருக்கித் துடைக்கவா?

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம். மகளின் சமையலறை அலமாரியை நேற்று அளவுவாரியாக அடுக்கி வைத்தேன். "அம்மா, இது என் வீடு" என்றாள். நல்லதுக்குக் காலமில்லை.

பெயின்ட் டப்பாவைக் கத்தரிக்கோலால் நெம்பி விரலைக் கிழித்துக்கொண்டானே ஒட்டடைக்குச்சி, அவன் விரல் ஆறிவிட்டதா? அவனுக்குத் தடியான பிரஷ் கொடு. மெல்லிய பிரஷ் கொடுத்தால் அவனுக்குக் கோபம் வந்துவிடும்.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

குவளையில் சாவி இல்லை. குவளையைக் கவிழ்த்துப் பார்த்ததில் என் வெள்ளைச் சேலையில் நீலக் கறைதான் மிச்சம். கடைசியில் ஆஸ்பத்திரி தச்சரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தோம். உடைத்தவர் சும்மா போயிருக்கலாம். உள்ளே பார்த்துவிட்டு, "இவ்ளோ கஷ்டப்பட்டு ஒடச்சேன், உள்ள வெறும் பேப்பர்தானா?" என்று கேட்டார். ஒட்டடைக்குச்சி அவரை ஒரு முறை முறைத்தான் பாருங்கள். விரல் ஆறிவிட்டது. தடியான பிரஷ்தான் கொடுத்திருக்கிறேன்.

பெரிய டாக்டர் நேற்று வந்தார். தன் அறையில் மீன் தொட்டிக்கு எதிரே மாட்ட ஒரு படம் வேண்டுமாம். "நல்லா கலர்ஃபுல்லா ஒண்ணு குடுங்கம்மா, வர்றவங்க பாக்கட்டும்" என்கிறார். படம் வரைந்தவருக்குத்தான் சொந்தம், அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆளு ரொம்பக் கொறஞ்ச மாதிரி இருக்கே? இந்த மாசம், அடுத்த மாசம் பாப்போம். இல்லேன்னா பழைய பைலெல்லாம் வெக்க எனக்கு எடம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு ஆள் கணக்குத்தான் தெரிகிறது. எனக்கு அந்த ஒரு பெண்ணின் முகம் கண்ணை விட்டு அகலவில்லை. இங்கே வருவதற்கு முன்னால் அவள் மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போகவில்லை, யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. இந்த அறைக்குத் தானாக வந்தாள். தானாகப் பென்சிலை எடுத்தாள். அது எத்தனை அபூர்வம் என்று உங்களுக்குப் புரிய வைக்க என்னால் முடியவே முடியாது போலிருக்கிறது. நேற்றும் வரவில்லை. அவள் அம்மாவை அழைத்துக்கூடப் பேசிப் பார்த்துவிட்டேன். பலன் இல்லை.

மகள் வீட்டு அலமாரியை விட்டுவிடுங்கள். பாவம் அவள்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 16

தம்பி பெண்டாட்டிக்கு,

அவள் அம்மாவை அழைத்துப் பேசினாயா?

எப்போது பேசினாய்? என்ன பேசினாய்? நீட்டி முழக்கி எழுதுகிற நீ அந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போகிறாய். நான் முப்பது வருஷம் வகுப்பில் நின்றவள். எந்தப் பிள்ளை எதை மறைக்கிறது என்று வாசலில் இருந்தே சொல்லுவேன். ஒழுங்காக எழுது.

சாவி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்தது. இத்துடன் வருகிறது. பூட்டை உடைத்தது உன் அவசரம், அதற்கு நான் பொறுப்பில்லை.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

சாவி வந்தது. மிக்க நன்றி. பூட்டுதான் இல்லை.

கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். எழுதுவதற்கு முன்னால் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் நாற்காலி போட்டது புதன்கிழமை. நான் அவள் அம்மாவை அழைத்தது வெள்ளிக்கிழமை. குல்லா மனம் நொந்து போயிருப்பாளே, வீட்டில் யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டுமே என்கிற பதைப்பில்தான் அழைத்தேன். தையல் கடையில் வேலை பார்க்கிறவர். கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். அதுவரை நான் அவரையும் குல்லாவையும் தவிர அந்த வீட்டிலிருந்து யாரையும் பார்த்ததில்லை. அம்மா, குல்லா, இரண்டு தம்பிகள், ஆக நாலு பேர் என்றுதான் எனக்குத் தெரியும். நாலு பேருக்கு ஐந்து தட்டு! அந்தப் படத்தை இரண்டு நாளாக மனசுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். தட்டு இருக்கிறது, உட்கார ஆள் இல்லை. நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. அந்த விளக்கத்தை அப்படியே நம்பிவிட்டேன். அப்பா இறந்த துக்கம்தான் இப்படி வெளியே வருகிறது என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் தவறி எவ்வளவு நாளாச்சும்மா? குல்லா அவரைப் பத்தி வீட்ல பேசுவாளா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "அவரு வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காருங்க" என்றார்.

உட்கார்ந்திருந்தார் அக்கா. கையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. பல வருஷம் கழித்துப் போன மாதம்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தாராம். அந்த அம்மாவுக்கு உதடெல்லாம் வெளுத்துவிட்டது. "படத்துல அப்படியா வரைஞ்சா? அவரு செத்துட்டாருன்னா வரைஞ்சா?" என்று கேட்டார். இல்லை, நானாகத்தான் நினைத்தேன் என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. வீட்டில் போய் அந்தப் பெண்ணை என்ன கேட்டார்களோ, யார் என்ன சொன்னார்களோ.

இதுதான் நடந்தது. உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நாற்காலி நாற்காலி என்று எழுதினேன். இப்போது உங்களுக்குச் சந்தோஷமா?

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 22

தம்பி பெண்டாட்டிக்கு,

படித்தேன். திரும்பவும் படித்தேன். "ஏம்மா தனியா சிரிக்கிறே?" என்று மகள் கேட்டாள். சிரிப்பா அது? ஆத்திரத்தை மறைக்க வந்த சிரிப்பு.

நான் என்ன செய்தேன்? ஒரு நாற்காலி போட்டேன். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு உட்கார ஒரு இடம் போட்டேன். நீ அவரைக் கொன்றே விட்டாய்! அதுவும் அவர் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் காதில் விழுகிற தூரத்தில்! இவ்வளவையும் செய்துவிட்டு எனக்குக் கடிதம் மேல் கடிதம். நீங்கள் திருத்தினீர்கள், நீங்கள் விரட்டினீர்கள், சாவி எங்கே, பூட்டு எங்கே. நானும் பைத்தியக்காரி மாதிரி இங்கே உட்கார்ந்து, நாம்தானே ஒரு பெண்ணின் வாயை மறுபடி மூட வைத்துவிட்டோம் என்று சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். அதை உனக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

"வரைந்தவர் பேசினால்தான் படத்தைப் பற்றிப் பேச்சு." அந்த விதி யாருடையது? தாளில் இடம் போதவில்லை, இதை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். நீதான் எழுத்தைச் சின்னதாக்கியாவது எழுதுங்கள் என்று உயிரை வாங்கினாய். சின்னதாக்கியும் எழுதினேன். நீயே படிக்கவில்லை.

சரி, திட்டித் தீர்த்தாயிற்று. இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு சீட்டு எழுது. உன் படிப்பின் பாஷையில் எழுதாதே. 'உன்னைக் கேட்காமல் உன் படத்தைப் பற்றி உன் அம்மாவிடம் பேசினேன். அது தப்பு' என்று எழுது. 'ஆனால்' என்று ஆரம்பித்து இன்னொரு வரி சேர்த்தாயோ, தொலைந்தாய்.

என் சார்பாக எதுவும் எழுத வேண்டாம். மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இத்தனை வருஷ வேலையில் நான் போட்ட ஒரு கோட்டை நான் அழித்ததில்லை.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எழுதினேன். இரண்டே வரி. 'ஆனால்' இல்லை. மருந்து வாங்க அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தலைமை நர்ஸ் கையில் கொடுத்தார். நேற்று மதியம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு தொட்டியில் வர்ணத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் குல்லா!

உள்ளே வரவில்லை. கதவில் ஒட்டியிருக்கிற விதிகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். "இதை எழுதினது யாரு?" என்று கேட்டாள். டீச்சர் என்றேன்.

"அப்ப அந்த நாற்காலியை அவங்களே வந்து அழிக்கட்டும்."

நான் அழித்துத் தருகிறேனே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நீங்க தொடாதீங்க. அவங்க போட்டது. அவங்க கையாலதான் அழிக்கணும். அப்ப நீங்க உள்ள இருக்கக் கூடாது" என்றாள். டீச்சர் வெளியூரில் இருக்கிறார், வருவாரோ மாட்டாரோ என்று இழுத்தேன்.

"அவங்க வரலேன்னா நானும் வரலே. அடுத்த புதன் பாக்கறேன்."

அவ்வளவுதான். அவள் இந்த அறையில் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதே இல்லை.

அக்கா, கால் வலிக்கிறது, மகள் தனியாக இருப்பாள், பஸ்ஸில் கூட்டம் என்று எதையும் எனக்கு எழுதாதீர்கள். கோடு உங்களுடையது, மானமும் உங்களுடையது, எல்லாம் எனக்குத் தெரிகிறது. நான் உங்களைப் பிள்ளைகள் முன்னால் வெளியே போகச் சொன்னது தப்புதான். இந்த அறை போனால் போகட்டும், பெரிய டாக்டர் பைல்களை அடுக்கட்டும், வேறு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றுகொள்வேன். இந்தப் பெண் போகக் கூடாது. எனக்கு எழுதும்போதே அழுகை வருகிறது. ஒரே ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 2

தம்பி பெண்டாட்டிக்கு,

புதன் மதியம் வருகிறேன். அன்றைக்கே திரும்பிவிடுவேன், வீட்டுக்கு வர மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு என் தம்பியை அனுப்பாதே, வழியெல்லாம் சமாதானம் பேசியே என்னைக் கொல்லுவான்.

நாற்காலியைச் சரியாகத்தான் வரைந்திருந்தேன். அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

இது நியாயமா?

வந்தீர்கள். என் முகத்தைப் பார்த்து "எங்க அவ?" என்று மட்டும் கேட்டீர்கள். குல்லா வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான் வெளியே, அதே பெஞ்சில், அந்த மனிதர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெனரேட்டர் ஓடுகிற சத்தத்தில் உள்ளே ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் அந்த நேரம் பார்த்துத்தானா அந்தப் பக்கம் வர வேண்டும்? "உங்க ரூமுக்கு வெளிய நீங்க ஏம்மா உக்காந்திருக்கீங்க?" என்றார். உள்ளே சிகிச்சை நடக்கிறது என்றேன். "யாருக்கு?" என்றார். தெரியவில்லை சார் என்றேன். பைல் அடுக்க அவர் மனசுக்குள் அளவெடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

கதவு திறந்தது. குல்லா வெளியே வந்தாள். குல்லாவை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தாள், முதன்முறையாக அவள் நெற்றியைப் பார்த்தேன். என்னைப் பார்க்காமலே படியில் இறங்கிப் போனாள். அடுத்து நீங்கள், சேலையெல்லாம் ரப்பர்த் தூளோடு. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டீர்கள்!

உள்ளே போய்ப் பார்த்தால் மேஜையில் தூள் மட்டும்தான். படம் அலமாரிக்குள். பூட்டு இல்லாத அலமாரி, கதவை இழுத்தால் திறந்துவிடும். முன்னால் நின்றேன். கையை நீட்டினேன், மடக்கிக்கொண்டேன், மறுபடி நீட்டினேன். நான் வைத்த விதியே எனக்கு எதிரி. திறக்கவில்லை அக்கா. வீட்டுக்கு வந்து உங்கள் தம்பி மேல் எரிந்து விழுந்தேன்.

உள்ளே என்ன நடந்தது? அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா? ஒரு வரியாவது எழுதுங்கள். எனக்குத் தலை வெடித்துவிடும்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 9

தம்பி பெண்டாட்டிக்கு,

உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது. ஒரு நாள் தவிக்கட்டும் என்றுதான் இன்றைக்கு எழுதுகிறேன்.

பஸ்ஸுக்கு நேரமெல்லாம் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன், அதனால் ஓடினேன். படம் அவளுடையது. உன்னிடம் சொல்லலாமா என்று அவளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதி சொல்லலாம்" என்றாள். எந்தப் பாதி என்றும் அவளே பிரித்துக் கொடுத்தாள். எனவே பாதிதான் உனக்கு. மீதியைக் கேட்டு எழுதினாயோ, கதவில் ஒட்டியிருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதி உன் விலாசத்துக்கே அனுப்புவேன்.

படத்தை மேஜையில் வைத்தாள். ரப்பரை என் பக்கம் தள்ளினாள். சட்டென்று முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று அழுத்தித் தேய்க்கப் போனேன். "தட்டு அழியக் கூடாது" என்றாள். நான் போட்ட நாற்காலியின் முதுகு அந்த ஐந்தாவது தட்டின் விளிம்பில் ஏறிக்கொண்டு நின்றது. எப்படிப் பார்த்து வரைந்தேனோ, என்ன அவசரமோ. ரப்பரை முனையாக வெட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு கோடாக எடுத்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் "அழிச்சிட்டுப் போடு" என்று சொல்லியே பிழைத்தவள். அழிப்பது இவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை என்று எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு எழுதுவதற்கு என்ன, வெட்கமாகத்தான் இருந்தது.

முக்கால்வாசி போன பிறகு அவளே பேசினாள். "இந்தத் தட்டு அம்மா வெச்சது. அவரு வந்ததுலேர்ந்து தினமும் வெக்கிறாங்க. நான் ஒண்ணும் சொல்லலை, வெக்கட்டும். ஆனா நாற்காலி நான்தான் போடணும். நீங்க யாரு போடறதுக்கு?"

வகுப்பில் எந்தப் பிள்ளையாவது என்னை அப்படிக் கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன். அன்றைக்கு "தெரியாம போட்டுட்டேம்மா. மன்னிச்சிரு" என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை.

அவர் எங்கே போயிருந்தார், ஏன் போனார் என்பதெல்லாம் மீதிப் பாதி.

பிறகு என்ன கேட்டாள் தெரியுமா? "ஆனா உங்க நாற்காலி நல்லா நின்னுச்சு. என்னுதெல்லாம் கீழ விழற மாதிரியே இருக்கு. எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுங்க. வேற பேப்பர்ல." உடனே நீ குதிக்காதே. நான் பென்சிலைத் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால்தான் சொன்னேன்: பின்னங்கால் இரண்டும் கொஞ்சம் மேலே முடியணும், உட்காருகிற பலகை முன்னால் அகலம், பின்னால் குறுகல். ஒரு தாள் முழுக்க நாற்காலியாகப் போட்டாள். கடைசியில் போட்ட இரண்டு நன்றாகவே நின்றன. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் துடித்தது, சொல்லவில்லை. இது சிகிச்சையா, பாடமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

உனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினாள். வரும் புதன் வருவாளாம். ஆனால் அவள் வரையும்போது நீ எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டக் கூடாதாம். பிள்ளைகள் உனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. தலையாட்டி. நான் வைக்கவில்லை, சத்தியமாக.

நானும் புதன் வருகிறேன். மகள் பெட்டியை எடுத்து வாசலிலேயே வைத்துவிட்டாள். உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் தம்பியை மாடியை விட்டு இறங்கச் சொல்.

கிளம்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்பத்தான் நல்லாப் போட வந்துடுச்சே, அப்ப இந்தப் படத்துலயும் ஒண்ணு போட்டுடலாமில்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"போடுவேன். போடாமலும் இருப்பேன்" என்றாள்.

ஐந்து தட்டும் நான்கு நாற்காலியுமாக அந்தப் படத்தை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள். என் கண்ணுக்குக் கணக்கு இடிக்கத்தான் செய்தது. கட்டிய கையை நான் அவிழ்க்கவில்லை.

அக்கா